தலை நிமிர்ந்து சொல்: மேலாண்மையும் மனிதவளமும் படிக்கிறேன்!

எதற்காகக் குரலைத் தாழ்த்துகிறாய்?

“என்ன படிக்கிறே?” என்று உறவினர் கேட்டால், “பி.பி.ஏ.தான் மாமா, எச்.ஆர். எடுத்திருக்கேன்” என்று ஏன் தரையைப் பார்த்துக்கொண்டு இழுக்கிறாய்? இன்ஜினீயரிங் சீட் கிடைக்காமல் இங்கே ஒதுங்கிவிட்டதாக அவர் நினைத்துவிடுவாரோ என்ற அச்சமா? அவர் நினைத்தால் நினைக்கட்டும். நீயும் அப்படியே நினைக்கிறாயே, ஆபத்து அங்கேதான் இருக்கிறது. உன் படிப்பை நீயே மதிக்காவிட்டால், நாளைக்கு உன்னை நேர்காணலுக்கு அழைக்கிற நிறுவனம் எப்படி மதிக்கும்?

தம்பி, தங்கையே, கேள். மேலாண்மையையும் மனிதவளத்தையும் ஒரே பட்டத்தில் சேர்த்துப் படிக்கும் நீ, ஒரு நிறுவனத்தில் பணம் எப்படி ஓடுகிறது என்பதையும் மனிதர் எப்படி உழைக்கிறார்கள் என்பதையும் ஒன்றாகப் படிக்கிறாய். கணக்கு மட்டும் தெரிந்தவர் சம்பளத்தைச் செலவாக மட்டும் பார்ப்பார். மனிதரை மட்டும் பார்ப்பவர் கல்லாவில் என்ன இருக்கிறது என்று அறியாமல் வாக்குக் கொடுத்துவிட்டுத் தவிப்பார். இரண்டையும் ஒரே மூளையில் வைத்திருப்பவர்தான் முடிவெடுக்கும் நாற்காலிக்குத் தகுதியானவர். அந்தத் தகுதியை நீ பதினெட்டு வயதிலேயே தேடத் தொடங்கிவிட்டாய். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

வெட்கம் வேண்டாம். வெறி வேண்டும்!

அம்பத்தூர் ஆலையிலிருந்து உலக உச்சிக்கு

“எச்.ஆர். படித்தால் பேட்டி எடுத்துக்கொண்டும் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டிக்கொண்டும் காலம் தள்ள வேண்டியதுதான்” என்று ஏளனம் செய்பவர்களிடம் ஒரு பெண்ணின் வரலாற்றைச் சொல்.

லீனா நாயர். மகாராஷ்டிரத்தின் கோலாப்பூரில் பிறந்தவர். சாங்லியில் மின்னணுப் பொறியியல் படித்தவர். அந்தப் பட்டத்தோடு நிற்காமல் ஜாம்ஷெட்பூரின் எக்ஸ்.எல்.ஆர்.ஐ.யில் மனிதவளம் படித்து, 1992-இல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். அதே ஆண்டு இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். பெண்கள் அதிகம் எட்டிப் பார்க்காத தொழிற்சாலைப் பணியை விரும்பி ஏற்றார். கொல்கத்தா, தலோஜா, நம் சென்னையின் அம்பத்தூர் என்று ஆலைகளில் வேலை பார்த்தார். 2016-இல் அதன் தாய் நிறுவனமான யூனிலீவர் என்ற உலகப் பெருநிறுவனத்தின் மனிதவளத் தலைவரானார். அந்தப் பொறுப்புக்கு வந்தவர்களில் முதல் பெண்ணும் அவரே, மிக இளையவரும் அவரே. 2022 ஜனவரியில் ‘ஷனேல்’ நிறுவனம் தன் உலகத் தலைமைச் செயல் அதிகாரி நாற்காலியில் அவரை உட்காரவைத்தது. பிரான்ஸில் பிறந்த நூற்றாண்டு கடந்த ஃபேஷன் நிறுவனம் அது. ஆடை வடிவமைப்பிலிருந்தோ விற்பனையிலிருந்தோ அவர் வரவில்லை. மனிதவளத்திலிருந்து வந்தார்.

இன்னொருவர் மேரி பாரா. ஜெனரல் மோட்டார்ஸ் 2009-இல் திவால் நடவடிக்கையில் விழுந்து எழுந்தபோது, அதன் உலக மனிதவளத் துறைக்குத் தலைமை ஏற்றவர். ஊழியர்கள் என்ன உடுத்தலாம் என்று பத்துப் பக்கத்துக்கு விதி எழுதி வைத்திருந்த நிறுவனத்தில், அந்த விதியை இரண்டே சொற்களுக்குச் சுருக்கினார்: பொருத்தமாக உடுத்துங்கள். மேலாளர்கள் பதறினார்கள். தன் குழுவினர் என்ன உடை உடுத்துவது என்பதைக்கூட அவர்களோடு பேசித் தீர்க்கத் தெரியாத மேலாளர், கோடிக்கணக்கான முதலீட்டை எப்படி முடிவுசெய்வார் என்பது அவர் எழுப்பிய கேள்வி. 2014-இல் அவர் அந்த நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியானார். உலகின் பெரிய கார் நிறுவனம் ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் பெண் அவர்தான்.

“அவர்கள் இருவரும் இன்ஜினீயரிங் படித்தவர்கள்தானே?” என்று கேட்பாய். ஆமாம். அதில்தான் உனக்கான பாடம் இருக்கிறது. இயந்திரத்தை அறிந்தவர்களே மனிதரை அறியத் தேடிப் போனார்கள். இயந்திர அறிவு மட்டும் உச்சிவரை கூட வராது என்று கண்டுகொண்டார்கள். அவர்கள் இருபதைத் தாண்டிய பிறகு தொட்ட பாடத்தை நீ பதினெட்டில் தொடுகிறாய். அவர்களிடம் இருந்த தொழிலறிவு உன்னிடம் இன்னும் இல்லை. அதனால் என்ன? ஆலைக்குப் போ, கேள், பார், கற்றுக்கொள். தொழிலறிவு எவருடைய பரம்பரைச் சொத்தும் இல்லை.

நம் மண்ணில் எழுதப்பட்ட பாடம்

பாடப்புத்தகத்தைத் திறந்தால் டெய்லர், மாயோ, மாஸ்லோ என்று பெயர்கள் வரிசை கட்டும். தேர்வுக்கு மனப்பாடம் செய்து மறந்துவிடாதே. சிகாகோவை அடுத்த ஹாத்தார்ன் ஆலையில் 1924-இல் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் உற்பத்தியை அளந்தார்கள். எதிர்பார்த்த தொடர்பு பிடிபடவில்லை. ஆராய்ச்சி ஆண்டுக்கணக்கில் நீண்டது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை உட்காரவைத்துப் பேசவிட்டார்கள். தன் சொல்லை ஒருவர் கேட்கிறார் என்ற உணர்வும், கூட வேலை செய்பவர்களோடு உள்ள உறவும் உழைப்பையே மாற்றுகின்றன என்ற முடிவுக்கு எல்டன் மாயோவும் அவருடைய குழுவினரும் வந்தார்கள். அந்த ஆய்வைப் பிற்காலத்தவர் பலவிதமாகக் கேள்வி கேட்டதும் உண்டு. ஆனாலும் தொழிலாளியின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பது நிர்வாகத்தின் கடமை என்ற எண்ணம் மேலாண்மைக் கல்வியில் அழுத்தமாகப் பதிந்தது அதற்குப் பிறகுதான்.

நம் ஊரில் அந்தப் பாடம் அதற்கு முன்பே தெருவில் நடந்துவிட்டது. 1908-இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணைநின்றார்கள். நிர்வாகம் சில நாட்களிலேயே இறங்கிவந்தது.

1918 ஏப்ரல் 27 அன்று சென்னை தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கமாக வரலாறு அதைக் குறிக்கிறது. பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்களுக்காக செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முனைந்தார்கள். பி.பி.வாடியா தலைவரானார். திரு.வி.க. தோள்கொடுத்தார். அந்தத் தொழிலாளர்களின் முதன்மையான குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது. நிம்மதியாகச் சாப்பிட நேரம் கேட்டார்கள்!

அந்தக் குரலைக் கேட்க ஆலைக்குள் ஒரு காது இல்லை. குறை சங்கமானது. சங்கம் போராட்டமானது. அந்த ஆலைகளை நடத்திய பின்னி நிறுவனம் வாடியா மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. தொழிற்சங்கம் நடத்துவதற்கே சட்டப் பாதுகாப்பு இல்லை என்பது அம்பலமானது. அந்த வழக்கு எழுப்பிய கேள்வியே 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிவகுத்தது. நீ தேர்வுக்குப் படிக்கிற தொழிற்சங்கச் சட்டத்தின் வேர் பெரம்பூரில் இருக்கிறது. உன் பாடம் நம் பாட்டன்மார் பசியோடு எழுதிய பாடம்.

பழைய கதை என்று தள்ளிவிடாதே. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் காலை முதல் இரவுவரை நின்றே வேலை பார்க்கும் பெண்களை நீ பார்த்திருக்கிறாய். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது என்ற நிலை இருந்தது. அவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரு நாற்காலிக்கு ஒரு சட்டம்! அதுவரை அந்தக் கடைகளில் மேலாளர்கள் இல்லையா? இருந்தார்கள். வீங்கிய காலைப் பார்க்கும் கண் அவர்களுக்கு இல்லை. அந்தக் கண்ணைப் பெறத்தான் நீ கல்லூரிக்குப் போகிறாய்.

கணக்கைப் போடு, கதவு திறக்கும்

கண் மட்டும் போதுமா? போதாது. முதலாளியின் முன்னால் போய் நின்று, “பாவம் சார், தொழிலாளர்கள் கஷ்டப்படுகிறார்கள்” என்று சொன்னால் அவர் தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவார். அங்கேதான் உன் பட்டத்தின் மற்றொரு பாதி கைகொடுக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள். மாதம் 20 தையல் தொழிலாளர்கள் வேலையை விட்டுப் போகிறார்கள். அவர்கள் இடத்தில் 20 புதியவர்களை எடுக்கிறார்கள். ஒருவருக்கு மாதச் சம்பளம் 14,000 ரூபாய். கை பழகும் முதல் இரண்டு மாதங்களில் அவர் பாதி வேலைதான் முடிக்கிறார் என்றால், கொடுத்த 28,000 ரூபாயில் 14,000 ரூபாய்க்கு வேலை வரவில்லை. 20 பேருக்கு 2,80,000 ரூபாய். ஒவ்வொரு மாதமும் இதே நிலை என்றால் ஆண்டுக்கு 33,60,000 ரூபாய்! இதில் ஆள் தேடும் செலவும், கெட்டுப்போன துணியும், தாமதமான ஷிப்மென்டும் சேரவில்லை.

இப்போது போய் விசாரி. போனவர்கள் ஏன் போனார்கள்? இரவு ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பப் பேருந்து இல்லையா? கைக்குழந்தையை விட இடம் இல்லையா? லைன் சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி பேசுகிறாரா? ஓவர்டைம் பணத்தைச் சரியாகக் கணக்கிடவில்லையா? காரணத்தைக் கண்டுபிடி. அதைத் தீர்க்க என்ன செலவாகும் என்று எழுது. ஒரு பக்கம் 33,60,000 ரூபாய் இழப்பு, மறுபக்கம் ஒரு வேனும் குழந்தைகள் காப்பகமும் நடத்தும் செலவு. இரண்டையும் ஒரே தாளில் வைத்து முதலாளியின் மேசையில் போடு. அவர் நிமிர்ந்து உட்காருவார். “இந்தப் பிள்ளை யார்?” என்று கேட்பார்.

கண்ணீரை மட்டும் சொல்பவரை மேசைக்கு அழைக்க மாட்டார்கள். எண்ணை மட்டும் சொல்பவரைத் தொழிலாளி நம்ப மாட்டார். மேலாண்மையும் மனிதவளமும் சேர்த்துப் படித்த நீ இரு பக்கமும் பேசலாம். இந்த ஆற்றலுக்கு ஈடான முதலீடு உன் குடும்பத்தில் வேறு எதுவும் இல்லை.

சட்டம் உன் முதுகெலும்பு

“தியரி பேப்பர்தானே, கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்” என்று தொழிலாளர் சட்டத்தை ஒதுக்குகிறவன் தன் காலைத் தானே வெட்டிக்கொள்கிறான். சட்டம் தெரியாத எச்.ஆர். வெறும் எழுத்தர். சட்டம் தெரிந்த எச்.ஆர். முன்னால் நிறுவனத்தின் தலைவரே குரலைத் தாழ்த்துவார்.

சம்பளச் சீட்டு ஒன்றைக் கையில் எடு. அதில் பி.எஃப். ஏன் பிடிக்கிறார்கள்? 15,000 ரூபாய் சம்பளத்துக்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், தொழிலாளியிடம் பிடித்தால் அதே தொகையை நிறுவனமும் போட வேண்டும். நிறுவனம் போடும் அந்த 12 சதவீதத்தில், சம்பளத்தின் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். பணிக்கொடைக்குக் கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளம் 20,000 ரூபாயாக உள்ள ஒருவர் பத்து ஆண்டு வேலை பார்த்து விலகினால் பணிக்கொடை எவ்வளவு? 20,000-ஐ 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, பத்து ஆண்டால் பெருக்கு. ஏறத்தாழ 1,15,384 ரூபாய். இந்தக் கணக்கை உன் அம்மாவின் சம்பளச் சீட்டுக்கும் பக்கத்து வீட்டு அண்ணனின் சம்பளச் சீட்டுக்கும் போட்டுக்கொடு. அவர்களுக்கே தெரியாத உரிமையை நீ எடுத்துச் சொல்லும் நாளில், “பி.பி.ஏ.தானே” என்ற பேச்சு அந்தத் தெருவில் நின்றுவிடும்.

ஆலை வாசலில் டீ குடிக்கும் தொழிலாளர்கள் “18(1) போட்டாங்களா, 12(3) போட்டாங்களா?” என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறாயா? 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தின் பிரிவு எண்கள் அவை. நிர்வாகமும் சங்கமும் நேரடியாகப் பேசிப் போடும் ஒப்பந்தம் 18(1). கையெழுத்திட்டவர்களை மட்டுமே அது கட்டுப்படுத்தும். தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன்னிலையில் போடுவது 12(3). அது ஆலையின் எல்லாத் தொழிலாளர்களையும், பின்னால் வந்து சேர்பவர்களையும்கூடக் கட்டுப்படுத்தும். எட்டாம் வகுப்போடு நின்ற தொழிலாளிக்கு இது தெரிந்திருக்கிறது. பட்டம் வாங்கப்போகும் உனக்குத் தெரியாமல் போகலாமா?

இன்னொரு பெரிய வாய்ப்பு உன் வாசலுக்கே வந்திருக்கிறது. 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு சட்டத் தொகுப்புகளாகச் சுருக்கி, 2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஊதியம், தொழிலுறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு என நான்கு. தொழிலாளர் நல அலுவலரை நியமிக்க வேண்டும் என்ற கட்டாயம், 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 500 தொழிலாளர் உள்ள ஆலைகளுக்கு இருந்தது. புதிய தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250 ஆக்கியிருக்கிறது. இந்தத் தொகுப்புகளைத் தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்க்கவும் செய்கின்றன. ஆதரவு வாதத்தையும் எதிர்ப்பு வாதத்தையும் படி. இருபது ஆண்டு அனுபவமுள்ள மேலாளரும் இன்று இதைப் புதிதாகத்தான் படித்துக்கொண்டிருக்கிறார். அவரும் நீயும் ஒரே கோட்டில் நிற்கும் நேரம் இது. இப்படி ஒரு வாய்ப்பு எல்லாத் தலைமுறைக்கும் வாய்க்காது. பாய்ந்து பிடி!

மூன்று ஆண்டுகள் யாருக்கும் திரும்ப வராது

பட்டம் உன்னைத் தூக்கிவிடும் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவாய். ஒரே பட்டத்தை வாங்கிக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே வருகிறார்கள். வேறுபடுத்திக் காட்டப்போவது உன் உழைப்பு மட்டுமே.

முதல் ஆண்டில் கணக்குப்பதிவியலோடு போராடு. பற்று, வரவு புரியவில்லை என்று ஓடாதே. ஒரு இருப்புநிலைக் குறிப்பை வாசிக்கத் தெரியாதவர் மேலாண்மை படித்தேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. எக்செல் உன் விரல் நுனிக்கு வர வேண்டும். ஆயிரம் பேரின் வருகைப் பதிவைப் பத்து நிமிடத்தில் பிரித்துக் காட்டத் தெரிந்தால், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உன் பெயரை மேலே இருப்பவர்கள் அறிவார்கள்.

இரண்டாம் ஆண்டில் விடுமுறையை வீட்டில் கழிக்காதே. பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலைகளைச் செய்துகொடுக்கும் சிறிய ஆலோசனை அலுவலகங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அங்கே போய் உட்கார். பணம் தராவிட்டாலும் பரவாயில்லை. ஒரு படிவத்தில் பெயர் எழுத்து ஒன்று மாறினால் ஒரு தொழிலாளி தன் சொந்தப் பணத்தை எடுக்க எத்தனை மாதம் அலைகிறார் என்பதை அங்கேதான் பார்ப்பாய். அதற்குப் பிறகு எந்தப் படிவத்தையும் அலட்சியமாக நிரப்ப மாட்டாய்.

மூன்றாம் ஆண்டில் புராஜெக்ட்டை விலைக்கு வாங்காதே! அதை அழுத்திச் சொல்கிறேன். யாரோ எழுதிய அறிக்கையில் உன் பெயரை ஒட்டிக்கொண்டு வாங்கும் பட்டம் உன்னையே உள்ளுக்குள் அரிக்கும். ஒரு ஆலைக்குப் போ, ஒரு மருத்துவமனைக்குப் போ, ஒரு உணவகச் சமையல்கட்டுக்குப் போ. நாற்பது பேரிடம் பேசு. ஏன் வந்தார்கள், ஏன் இருக்கிறார்கள், எது அவர்களைப் போகத் தூண்டுகிறது என்று உன் கையாலேயே எழுது. நேர்காணலில் அந்த நாற்பது பேரைப் பற்றி நீ பேசத் தொடங்கினால், எதிரே இருப்பவர் கேள்வித்தாளை மூடிவிட்டுக் கேட்பார்.

“ஆங்கிலம் வராதே” என்கிறாயா? வரவழை. தினமும் ஒரு பக்கம் உரக்க வாசி. ஒரு மின்னஞ்சலை நீயே எழுதி, நீயே திருத்து. ஆனால் தமிழ்வழியில் படித்தேன் என்பதற்காக ஒருநாளும் குனியாதே. ஆலைத் தளத்தில் தொழிலாளி மனம்விட்டுப் பேசுவது அவன் மொழியில்தான். அந்த மொழி உன் மொழி. லண்டனில் படித்து வந்தவருக்கும் கிடைக்காத நுழைவுச்சீட்டு அது. திருப்பூரிலும் திருப்பெரும்புதூரிலும் பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து உழைப்பவர்கள் ஏராளம். அவர்கள் மொழியிலும் நான்கு வார்த்தை கற்றுக்கொள். “சாப்பிட்டாயா?” என்று ஒருவனிடம் அவன் தாய்மொழியில் கேட்கத் தெரிந்த அதிகாரியை அவன் ஆயுளுக்கும் மறக்க மாட்டான்.

பட்டத்தோடு பாதை முடியவில்லை. சென்னையில் 1952 முதல் இயங்கும் மெட்ராஸ் சமூகப்பணிக் கல்லூரி, மும்பையில் 1936-இல் தொடங்கிய டாடா சமூக அறிவியல் நிறுவனம், 1949-இல் எழுந்த எக்ஸ்.எல்.ஆர்.ஐ. எல்லாம் உனக்காகவும்தான் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. தமிழ்நாடு அரசின் தொழிலாளர் கல்வி நிலையம் தொழிலாளர் மேலாண்மையில் இளங்கலைப் பட்டமே தருகிறது. வேண்டுமானால் சட்டம் படி. தொழிலாளர் நீதிமன்றத்தில் வாதாடு. அரசுத் தேர்வு எழுது; தொழிலாளர் துறை அதிகாரியாக ஆலைக்குள் நுழை. இந்தியாவிலேயே அதிகத் தொழிற்சாலைகள் உள்ள மாநிலம் நம்முடையது. நாட்டின் தொழிற்சாலைகளில் உழைக்கும் பெண்களில் ஏறத்தாழப் பத்துக்கு நான்கு பேர் இங்கேதான் இருக்கிறார்கள். உன் களம் உன் ஊரிலேயே விரிந்து கிடக்கிறது.

நடுவில் நிற்கத் துணிவு வேண்டும்

இனி கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். எச்.ஆர். என்றாலே முகம் சுளிக்கும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். “முதலாளியின் ஆள்” என்பார்கள். அப்படிச் சொல்ல அவர்களுக்குக் காரணமும் இருக்கிறது. ராஜினாமாக் கடிதத்தை மிரட்டி எழுதி வாங்கியவர்களும், வேலை போட்டுத் தரக் கமிஷன் வாங்கியவர்களும், கர்ப்பிணி என்று தெரிந்ததும் வேலைப்பட்டியலிலிருந்து பெயரை நீக்கியவர்களும் இந்தத் தொழிலில் இருந்திருக்கிறார்கள். அந்தக் கறையைத் துடைக்கும் பொறுப்பு உன் தலைமுறையினுடையது.

திருவள்ளுவர் ஆளைத் தேர்ந்து தெளிவதற்குத் தனியாக ஒரு அதிகாரமும், தேர்ந்தவரிடம் வேலையை ஒப்படைப்பதற்குத் தனியாக ஒரு அதிகாரமும் வைத்தார். அவ்வளவு பெரிய பொறுப்பு அது. உன் உறவுக்காரனுக்கும் உன் சாதிக்காரனுக்கும் வேலை கொடுக்கத் தகுதியுள்ளவனைத் தள்ளினால், நீ படித்த படிப்பின் முகத்தில் நீயே கரி பூசுகிறாய்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும், பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எத்தனை இடங்களில் அந்தக் குழு தாளில் மட்டும் இருக்கிறது? நாளை உன் முன்னால் ஒரு பெண் நடுங்கும் குரலில் புகார் சொல்ல வருவாள். குற்றம் சாட்டப்பட்டவர் உன் மேலதிகாரியாகவே இருக்கலாம். “விட்டுத் தொலை, கம்பெனி பேர் கெட்டுவிடும்” என்று உன்னிடம் சொல்வார்கள். அந்த நிமிடத்தில் நீ என்ன செய்வாய்? அதற்கான பதிலை இப்போதே உனக்குள் எழுதிவை. விசாரணையை முறையாக நடத்து. இரு பக்கத்தையும் கேள். உண்மை எங்கே இருக்கிறதோ அங்கே நில். அன்று உன் முதுகு வளைந்தால், அதற்குப் பிறகு வாங்கும் எந்தப் பதவி உயர்வும் அதை நிமிர்த்தாது.

நிறுவனத்துக்கு விரோதியாக இரு என்று நான் சொல்லவில்லை. நேர்மையான எச்.ஆர். நிறுவனத்துக்கும்தான் பாதுகாப்பு. பெரம்பூர் ஆலையில் சாப்பாட்டு நேரத்தைப் பற்றி யாரும் காதுகொடுக்காததால் குறை சங்கமாகி, போராட்டமாகி, நீதிமன்றம்வரை போனதை மறந்துவிடாதே. சிறிய குறையைச் சிறியதாக இருக்கும்போதே தீர்ப்பவன் ஆலையையும் காக்கிறான், அடுப்புகளையும் காக்கிறான்.

இயந்திரம் வந்தால் வரட்டும்

“செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி எச்.ஆருக்கு என்ன வேலை?” என்று உன்னைப் பயமுறுத்துவார்கள். விண்ணப்பங்களைப் பிரிப்பதும், விடுப்புக் கணக்குப் பார்ப்பதும், சம்பளச் சீட்டு அனுப்புவதும் இயந்திரத்தின் கைக்குப் போகின்றன. உண்மைதான். அதை மட்டுமே செய்யத் தெரிந்தவருக்கு ஆபத்து இருக்கிறது. அதையும் மறைக்க மாட்டேன்.

ஆனால் அமேசான் நிறுவனத்தில் நடந்ததைக் கேள். விண்ணப்பங்களைத் தரம் பிரிக்க ஒரு மென்பொருளை அங்கே உருவாக்கினார்கள். பத்து ஆண்டுகளில் வந்த பழைய விண்ணப்பங்களை அதற்குப் பாடமாகக் கொடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. அந்த மென்பொருள் பெண்களின் விண்ணப்பங்களைக் கீழே தள்ளக் கற்றுக்கொண்டது. கடைசியில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். 2018-இல் இந்தச் செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. இயந்திரம் தன் அநீதியைத் தானே உணராது. “இது தவறு” என்று கண்டுபிடித்து நிறுத்த, நியாயம் தெரிந்த ஒரு மனிதர் அங்கே இருக்க வேண்டும். அந்த மனிதராக வளர். கருவியைப் பழகு; அது எங்கே தவறும் என்பதையும் படி. கருவியின் எஜமானனாக இருப்பவனுக்கு எந்தக் காலத்திலும் வேலை உண்டு.

நீ எழுந்தால் போதும்

மாணவனே, மாணவியே! 2024-25 கல்வியாண்டிலிருந்து பி.பி.ஏ. படிப்பையும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் தன் வரம்புக்குள் கொண்டுவந்துவிட்டது. நாடு உன் பட்டத்தைக் கவனிக்கத் தொடங்கிவிட்டது. நீ கவனிக்கத் தொடங்கிவிட்டாயா?

எதைப் படித்தாய் என்பதை வைத்து ஊர் உன்னை ஒருநாள் எடைபோடும். படித்ததைக் கொண்டு யாருக்கு என்ன செய்தாய் என்பதை வைத்து வாழ்நாள் முழுவதும் எடைபோடும். உன் கையெழுத்தால் ஒருவருக்கு வேலை கிடைக்கும். உன் ஒரு சொல்லால் ஒருவரின் பிழைப்பு நிலைக்கும். நீ போடும் சரியான கணக்கால் ஒரு விதவைக்கு ஓய்வூதியம் வரும். நீ கேட்ட ஒரு கேள்வியால் குழந்தைக்குப் பாலூட்டும் ஒரு தாய்க்கு ஓர் அறை கிடைக்கும். இப்படி ஒரு படிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கூனிக் குறுகி நிற்பாயா?

நிற்காதே! இன்று மாலைக்குள் இரண்டு வேலைகளைச் செய். ஒரு தொழிலாளர் சட்டத் தொகுப்பை எடுத்து முதல் பத்துப் பக்கத்தைப் படி. உன் வீட்டில் உழைக்கும் ஒருவரின் சம்பளச் சீட்டை வாங்கி, அதில் உள்ள ஒவ்வொரு வரியும் என்னவென்று அவருக்கு விளக்கு. விளக்க முடியாத வரி எதுவோ, நாளை நீ படிக்க வேண்டிய பாடம் அதுதான். இப்படியே ஒவ்வொரு நாளும் ஒரு வரி. மூன்று ஆண்டில் உன்னை அசைக்க யாராலும் முடியாது.

அடுத்த முறை “என்ன படிக்கிறே?” என்று எவர் கேட்டாலும், அவர் கண்ணைப் பார்த்து, குரலை உயர்த்தி, ஒரே மூச்சில் சொல்: “மேலாண்மையும் மனிதவளமும் படிக்கிறேன். நாளைக்கு ஆயிரம் குடும்பங்களின் உழைப்புக்கு நான் பொறுப்பேற்கப் போகிறேன்.” சொன்னபடி செய்தும் காட்டு.